மூன்று பையா, ஒரு கூடையா? எங்கள் தாமானின் குப்பைக் கணக்கு

எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், எங்கள் வரிசையில் 40 வீடுகள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் பகாவ் பட்டணத்திலிருந்து காரில் பத்து நிமிடம். பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. அதற்கு முன்பு அங்கே பால்மரம் நின்றது. இங்கே குடியிருப்பவர்களில் பாதிப்பேர் அந்த மரங்களைச் சீவியவர்களின் பிள்ளைகள்தான், நானும் சேர்த்து.

போன மாதம் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஒரே விஷயத்தைத்தான் பேசினோம்: குப்பையை எப்படிப் பிரிப்பது, பிரித்ததை யாரிடம் கொடுப்பது. இரண்டு மணி நேரம் போனது. வடை தீர்ந்தது, தேநீர் ஆறியது, முடிவு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. ஆளாளுக்கு வேறு வேறு குப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் அட்டைப்பெட்டியைச் சொன்னால் இன்னொருவர் மீன் தலையை மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"நீங்கதான் டீச்சரு, எல்லாத்தையும் எழுதிக் கொண்டாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பென்ஷன் வாங்கினாலும் இந்த வேலை விடாது போலிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்காக எழுதியதை இங்கேயும் போடுகிறேன். மற்ற தாமான்களிலும் இதே வடை, இதே சண்டை நடக்கும் என்று தெரியும்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடலாம். "பிரிக்கணுமா என்ன?" என்று இனிமேல் யாரும் கேட்கவேண்டாம். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை, அதாவது 672ஆம் சட்டத்தை, ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. ஜொகூர், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவையும் அதில் உண்டு. 2015 செப்டம்பர் 1 முதல் இங்கெல்லாம் வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயம். 2016 ஜூன் 1 முதல் அபராதமும் வந்துவிட்டது: முதல் தடவை 50 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் தடவை 100, மூன்றாம் தடவை 500. சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தங்கை "எங்க பக்கம் அப்படி ஒண்ணும் இல்லையே அக்கா" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். பேரா, சிலாங்கூர், பினாங்கு எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவளுக்கு எழுதினால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருக்கும்.

காய்ந்த குப்பை: பை, லோரி, கொட்டகை

கூட்டத்தில் அதிகம் அடிபட்டது காய்ந்த குப்பைதான். அதற்கு மூன்று வழிகள் சொல்லப்பட்டன.

முதல் வழி, ஏற்கெனவே இருப்பது. குப்பை லோரி வாரத்துக்கு மூன்று நடை வரவேண்டும். இரண்டு நடை, மறுசுழற்சிக்கு ஆகாத மிச்சக் குப்பைக்கு. ஒரு நடை மறுசுழற்சிப் பொருள், உடைந்த மேசை நாற்காலி, வெட்டிப்போட்ட கிளை போன்றவற்றுக்கு. காகிதத்துக்கு நீலப் பை, பிளாஸ்டிக்குக்கு வெள்ளைப் பை, கண்ணாடி, டின் மற்றதெல்லாம் பச்சைப் பை என்று ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு நாம் தனியாகக் காசு கட்டுவதில்லை, காசு கிடைப்பதும் இல்லை. இதன் பெரிய லாபம், கடைக்காரன் தொடமாட்டேன் என்கிற பொருளையும் வெளியே வைக்கலாம். சாஸ் போத்தல், ஜாம் போத்தல் எல்லாம் எடைக்குப் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். கண்ணாடி கனம் அதிகம், விலை குறைவு. நம்மைப் போன்ற ஊரிலிருந்து ஏற்றிப்போகும் லோரி வாடகைக்கே கட்டாது.

"எல்லாத்தையும் ஒரே லோரியிலதான் கொட்டுறான், நாம ஏன் பிரிக்கணும்?" என்று கூட்டத்தில் மூன்று பேர் கேட்டார்கள். அதே கேள்வி எனக்கும் இருந்தது. ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். என் நீலப் பை மற்ற குப்பையோடு சேர்ந்துதான் போனது. உள்ளே வந்து நாள்காட்டியைப் பார்த்தால், அன்றைக்கு மிச்சக் குப்பை நாள். தப்பான நாளில் பையை வெளியே வைத்தவள் நான்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கேட்ட மூன்று பேரும் முதலில் அவரவர் வீட்டு நாள்காட்டியைப் பார்க்கவும்.

இரண்டாவது வழி, பழைய பேப்பர் வாங்க வரும் பேப்பர் லாமா லோரி. ஒலிபெருக்கியில் "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா" என்று இழுத்துக்கொண்டு வருவதைக் கேட்காமல் யார் வளர்ந்தோம்? பழைய பேப்பர், அட்டை, இரும்பு, அலுமினியம், செம்புக் கம்பி, கார் பேட்டரி எல்லாம் எடுத்துக்கொள்வார். கையில் நாலு காசு வரும். இதில் எதற்கு மதிப்பு என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பேப்பருக்கு அற்ப விலை. அலுமினிய டின்னுக்குப் பல மடங்கு. காரணம், பழைய அலுமினியத்தை உருக்கிப் புது அலுமினியம் ஆக்க, மண்ணிலிருந்து எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும். தொழிற்சாலைக்காரனுக்கு அது லாபம், அதனால் அவன் தேடி வாங்குகிறான். பிளாஸ்டிக்கில் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும் தண்ணீர் போத்தல், 2 என்று இருக்கும் ஷாம்பு, சவர்க்காரப் போத்தல், இவற்றுக்கு வாங்க ஆள் உண்டு. குழம்பு கட்டி வந்த பைக்கும் வெள்ளைப் பொலிஸ்டரின் பெட்டிக்கும் ஆள் இல்லை.

பாக்கெட் பானப் பெட்டியைப் பேப்பர் என்று நினைத்து அட்டையோடு கட்டிவிடுகிறோம். அதில் முக்கால் பங்குதான் காகிதம். மீதி பிளாஸ்டிக் படலமும் மெல்லிய அலுமினியமும் சேர்ந்து ஒட்டியது. கடைக்காரர் அதைக் கண்டால் மொத்தக் கட்டுக்கும் விலையைக் குறைப்பார்.

பழைய தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், கணினி, கைப்பேசி இவற்றை மட்டும் இந்த லோரியில் ஏற்றாதீர்கள். செம்புக்காக உடைத்துவிட்டு மிச்சத்தை எங்காவது ஓடையோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சட்டப்படி இவை அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாளவேண்டிய ஆபத்தான கழிவு. 2005ஆம் ஆண்டு விதிகளில் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வருகிறது. சுற்றுச்சூழல் துறையிடம் உரிமம் உள்ள இடத்துக்கே போகவேண்டும்.

இந்த வழியைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் சைக்கிளில் வந்து நம் தொட்டிகளில் டின் பொறுக்கும் பாட்டியை எல்லாருக்கும் தெரியும். சங்கம் டின்களை மொத்தமாகச் சேர்த்து விற்றால் அந்தப் பணம் சங்கப் பெட்டிக்கு வரும், பாட்டியின் பையிலிருந்து. நமக்கு அது மாதம் ஒரு தடவை வடைச் செலவு. அவருக்கு அது அரிசி. டின்னைத் தனிப் பையில் கட்டித் தொட்டியின் மேல் வைத்தால் போதும், அவர் குனிந்து கிளறவேண்டியதில்லை. என் வீட்டில் இனி அப்படித்தான்.

மூன்றாவது வழி, கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு கொட்டகை போட்டு எல்லா வீட்டுச் சாமானையும் சேர்ப்பது. இளைஞர்களுக்கு இது பிடித்திருக்கிறது. சூ ச்சி பௌத்த அமைப்பு நாடு முழுக்க இப்படி மையங்கள் நடத்துகிறதே, நம்மால் ஏன் முடியாது என்றார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடப்பதற்குக் காரணம் கொட்டகை இல்லை, ஆட்கள். வாரம் தவறாமல் வந்து, உட்கார்ந்து, கையால் பிரிக்கிற தொண்டர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் ஒரு தடவை செய்து பார்த்தோம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. முதல் மாதம் கொட்டகை பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் மழையில் அட்டை எல்லாம் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. நாலாம் மாதம் சுகாதார அதிகாரிகள் வந்து பழைய மைலோ டின் ஒன்றைக் கவிழ்த்தார்கள். உள்ளே கொசுப்புழு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் நிர்வாகக் குழு தெரிந்துகொண்டது. டிங்கிக் காய்ச்சல் நாட்டில் திறந்த டின்களைக் குவித்து வைப்பது லேசான காரியமில்லை.

அதனால் நிரந்தரக் கொட்டகை வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டுமானால் வருடத்துக்கு இரண்டு நாள் வைக்கலாம். ஒன்று தீபாவளிக்கு முன்பு வீடு சுத்தம் செய்கிற வாரம். இன்னொன்று போகி. இன்னும் சில வீட்டு வாசலில் போகியன்று பழைய பாயும் துணியும் டயரும்கூட எரிகிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும், ரப்பர் எரிகிற புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் போகிறது. அன்றைக்கே ஒரு லோரியைக் கூப்பிட்டு, காலையில் சேர்த்து, மாலையில் ஏற்றி அனுப்பினால் கொசுவுக்கும் நேரமில்லை, சண்டைக்கும் நேரமில்லை. பள்ளிக்கு நாற்காலி வாங்கக் கொஞ்சம் பணமும் சேரும்.

ஆனால் நாம் பேசவேண்டியது மீன் தலையை

2012இல் நாடு முழுக்க வீட்டுக் குப்பையை எடுத்து எடைபோட்ட அரசாங்க ஆய்வின் கணக்கைப் பாருங்கள். உணவுக் கழிவு 44.5 விழுக்காடு. பிளாஸ்டிக் 13.2. பாம்பர்ஸ் 12.1. காகிதம் 8.5. பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் கூட்டினால்கூட 22 விழுக்காட்டை எட்டவில்லை. நாம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டது அந்த 22க்காக. 44.5ஐப் பற்றிப் பேசியவர் ஒருவர்தான், அவரையும் "அண்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்று உட்கார வைத்துவிட்டோம்.

இன்னொன்று. காய்ந்ததைக் கெடுப்பதே ஈரம்தான். பேப்பரில் சாம்பார் பட்டால் பேப்பர் லாமாக்காரர் தொடமாட்டார். போத்தலோடு மீன் செதில் சேர்ந்தால் வெள்ளைப் பை நாறும். ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் தானாகவே சுத்தமாக நிற்கும், அதைப் பையில் போட்டாலும் சரி, லோரியில் போட்டாலும் சரி. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் ஈர வாளி, அப்புறம் மூன்று பை.

ஈரக் கழிவு குப்பைமேட்டுக்குப் போனால் என்ன ஆகிறது? காற்றில்லாமல் அமுங்கி அழுகி மீத்தேன் வாயுவும் கறுப்புச் சாறும் ஆகிறது. உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் குப்பை நிலம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. 2005 முதல் கோலாலம்பூர்ப் பக்கத்துக் குப்பை அங்கே போகிறது. அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள், நல்லது. ஆனாலும் பட்டணம் தின்றுவிட்டு மிச்சத்தைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பும் கணக்கு மாறவில்லை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் ஈரக் குப்பை என்றே ஒன்று கிடையாது. கழனித்தண்ணீர் மாட்டுக்கு, சோற்றுப் பருக்கை கோழிக்கு, காய்கறித் தோல் ஆட்டுக்கு. இதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் "அந்தக் காலம் பொற்காலம்" என்று பாட்டி பேசுகிறாள் என்பார்கள். அப்படியொன்றும் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு குழி இருக்கும். மாடு தின்னாததெல்லாம் அதில் விழும், அந்தியில் எரியும், ஈ மொய்க்கும், மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். அந்தக் குழி எனக்கு வேண்டாம். குழிக்குப் போகுமுன்பே மாடும் கோழியும் செய்த வேலைக்கு மாற்று ஒன்று வேண்டும். இப்போது தாமானில் மாடு வளர்க்க முடியாது, அதனால் மூன்று மாற்றுகள்.

மூலைவீட்டுக்காரர்களுக்கு எளிதானது வாழைக்குழி. இரண்டு அடி ஆழம் தோண்டி, காய்கறித் தோலும் சோறும் போட்டு, ஒவ்வொரு தடவையும் காய்ந்த இலையோ மண்ணோ ஒரு விரற்கடை மூடவேண்டும். சுற்றி வாழை நட்டால் அது பார்த்துக்கொள்ளும். மூடாமல் விட்டால் எலியும் உடும்பும் வரும். மீன் குடலைப் போட்டு மூடாமல் விட்டால் குரங்குக் கூட்டமே வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நடுவீட்டுக்காரர்களுக்கு முன்னும் பின்னும் சிமெண்ட். அவர்களுக்கு நான் சொல்வது தக்காகுரா கூடை. ஜப்பானைச் சேர்ந்த கோஜி தக்காகுரா இந்தோனேசியாவின் சூராபாயாவில் 2004 வாக்கில் உருவாக்கிய முறை. அங்கே சமையலறையில் கிடைப்பதை வைத்தே செய்தார் என்பதுதான் இதன் சிறப்பு. தெம்பே (புளித்த சோயா), தாப்பாய் (புளித்த சோறு அல்லது மரவள்ளி), தயிர் இவற்றில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைச் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்து, தவிட்டிலும் உமியிலும் கலந்து சில நாள் விட்டால் அது சூடேறி வெள்ளையாகப் பூக்கும். துணிக்கூடை மாதிரி ஓட்டை உள்ள கூடைக்குள் அட்டைப்பெட்டியை வைத்து அந்தக் கலவையை நிரப்பவேண்டும். பிறகு தினமும் சமையலறைக் கழிவைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் புதைத்துக் கிளறினால் போதும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கூடை தாங்கும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், ஒரு கைப்பிடி தவிடோ கிழித்த அட்டையோ போடுங்கள். ரசத்தை ஊற்றாதீர்கள். ஆட்டெலும்பு, மாங்கொட்டை வேண்டாம். சுட்ட எண்ணெயும் வேண்டாம். முறுக்குச் சுட்ட எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், பயோடீசல் ஆகிறது. சிங்க்கில் ஊற்றினால் நம் கால்வாய்தான் அடைக்கும்.

மூன்றாவது மாற்று, திடலோரத்தில் எல்லாருக்கும் ஒரு பொதுக் குவியல். பழைய பலகைகளால் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு ஒரு பெட்டி, மேலே மழைக்குக் கூரை. அந்த அளவு இருந்தால்தான் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறி ஈப்புழுவையும் நோய்க்கிருமியையும் கொல்லும். கரிமம் 25லிருந்து 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது புத்தகக் கணக்கு. சமையலறைக் கணக்கில் சொன்னால், ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை. உரம் நிறையக் கிடைக்கும், கோயில் திருவிழா அன்னதானத்து வாழையிலைகளும் மாலைகளும் அதில் போகும். கூடையில் அவ்வளவு போகாது.

ஆனாலும் பொதுக் குவியலை நான் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். கூடையில் ஒரு வீட்டுக்காரர் சோம்பல்பட்டால் அவர் வீட்டில்தான் நாறும். பொதுக் குவியலில் ஒருவர் சோம்பல் 40 வீட்டுக்கும் நாறும், பிறகு அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் உரம் என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்கள். கொட்டகைக்கு நடந்ததும் அதுதான். முதலில் கூடையில் கை பழகட்டும்.

பாம்பர்ஸைப் பற்றிக் கேட்ட தாய்மார்களுக்கு: அந்த 12.1 விழுக்காட்டுக்கு என்னிடம் வழி இல்லை. சுருட்டிக் கட்டி, மிச்சக் குப்பை நாளில் குப்பைத் தொட்டியில்தான் போகவேண்டும்.

தோட்டத்துக்குள் இன்னும் குடியிருக்கும் உறவினர்களுக்கு இதே பட்டியலைக் கொடுக்கவேண்டாம். அது தனியார் நிலம். 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டப்படி தொழிலாளர் குடியிருப்பின் அடிப்படை வசதிக்கு முதலாளிதான் பொறுப்பு. அங்கே வாராந்திர நீலப் பை எல்லாம் கிடையாது, பேப்பர் லாமாவும் குழியும்தான். அவர்களுக்குப் பொதுக் குவியல்தான் சரி என்று நினைக்கிறேன், காரணம் காய்ந்த பொருள் அங்கே மலையாகக் கிடக்கிறது. செம்பனைக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காய் உதிர்த்த வெறும் சக்கைதான். மில்லில் அதை உரமாக்கும் தோட்டங்கள் உண்டு. ஒரு டிராக்டர் சக்கை லயத்துப் பக்கம் கொட்டும்படி மேனேஜரிடம் கேட்பதில் தப்பில்லை. அறிவிப்பை மட்டும் தமிழிலும் மலாயிலும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். இப்போது லயத்தில் இருப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள்.

சரி, அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான். எட்டு வீடுகள், அதில் மூன்று மூலைவீடு, ஐந்து நடுவீடு. மூன்று மாதம். தினமும் வாளியை எடை போட்டு நாள்காட்டியிலேயே எழுதி வைக்கவேண்டும். காய்ந்ததற்குப் புது ஏற்பாடு எதுவும் வேண்டாம்: விற்கக்கூடியது பேப்பர் லாமாவுக்கு, டின் பாட்டிக்கு, மிச்சம் மூன்று பைக்கு, சரியான நாளில். தவிடு கோழித்தீனிக் கடையில் கிடைக்கும், நானே வாங்கி வருகிறேன். தாப்பாயும் தெம்பேயும் பசாரில் இருக்கிறது. கூடைக்கு உள்ளே வைக்க நல்ல கெட்டியான அட்டைப்பெட்டி ஐந்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லோரிச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடாமல் எனக்காக எடுத்து வையுங்கள்.